டிராக்டரின் டீசல் வடிகட்டி: தோட்டத்திலேயே மாற்றும் முறை

ஐப்பசியில் ஒரு உழவு மழை பெய்து ஓய்ந்துவிட்டால் பல்லடம், சூலூர், காங்கயம், தாராபுரம் பகுதிகளின் மானாவாரிக் காடுகளில் டிராக்டருக்குப் பெரும் கிராக்கி ஏற்பட்டுவிடும். செம்மண் காட்டில் விதைப்பு ஈரம் அதிக நாள் நிற்காது. அதற்குள் உழுது சோளமோ கொள்ளோ விதைத்தாக வேண்டும். அந்த நேரத்தில் வண்டி நடுக்காட்டில் நின்றுபோனால் நட்டம் ஒரு நாள் வாடகையோடு முடிவதில்லை. அந்த ஆண்டின் மாட்டுத் தீவனமே கேள்விக்குறியாகிவிடும்.

இவ்வாறு நிற்கும் வண்டிகளில் பலவற்றுக்குப் பெரிய பழுது எதுவும் இருப்பதில்லை. டீசல் வடிகட்டி அடைத்துப் போயிருக்கும்; அல்லது குழாயில் காற்றுப் புகுந்திருக்கும். "டீசல் வரலீங்க, ஏர் புடிச்சுக்குச்சு" என்று ஓட்டுநர் சொல்லிவிட்டு, டவுனிலிருந்து மெக்கானிக் வரும்வரை வேப்பமர நிழலில் உட்கார்ந்திருப்பார். நான்கு ஸ்பேனர்களும் அரை மணி நேரமும் இருந்தால் அந்த வேலையைத் தோட்டத்திலேயே முடித்துவிடலாம். ஆனால் ஒன்று: வடிகட்டியைக் கழற்றி மாட்டுவது எளிது, மாட்டும்போது தூசியை உள்ளே விடாமல் மாட்டுவதுதான் வேலை. அதில் தவறினால் பழைய வடிகட்டியையே விட்டு வைத்திருக்கலாம் என்று ஆகிவிடும்.

கொங்கு நாட்டுக்கு இந்தக் கைவேலை புதிதல்ல. மாடு கட்டிக் கவலை இறைத்த கிணறுகள் பலவற்றில் மின்சாரம் வருவதற்கு முன் ஆயில் எஞ்சின்கள் ஓடின. 1932ஆம் ஆண்டு பைக்காரா மின் நிலையம் இயங்கத் தொடங்கி, பின்னர் படிப்படியாகக் கிராமங்களுக்குக் கம்பி வந்த பிறகே மின் மோட்டார்கள் அவற்றின் இடத்தைப் பிடித்தன. 1920ஆம் ஆண்டு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் ஓட்டத் தொடங்கிய ஜி. டி. நாயுடு, சூலூருக்கு அருகே கலங்கல் கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். ஆயில் எஞ்சின் ஓட்டிய தலைமுறைக்குக் காற்று எடுக்கும் வேலை அத்துப்படி. மோட்டாருக்கு மாறியபின் அந்தப் பழக்கம் பல தோட்டங்களில் விட்டுப்போய்விட்டது.

தூசி என்ன செய்யும்?

டீசல் எஞ்சினில் தீப்பொறி கொடுக்கும் பிளக் கிடையாது. காற்றை அழுத்திச் சூடேற்றி, அந்தச் சூட்டில் டீசலைப் பனிபோல் தூவி எரிய வைப்பதே இதன் முறை. வழக்கமான டிராக்டர்களில் தூவும் நாசில் திறப்பதற்கே சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோ அழுத்தம் வேண்டும். உழவின்போது பின்சக்கர டயரில் இருக்கும் காற்றழுத்தம் ஒரு கிலோ அளவே என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் வலிமை விளங்கும்.

இந்த அழுத்தத்தை உண்டாக்குவது எஞ்சினின் பக்கவாட்டில் உள்ள உயரழுத்த டீசல் பம்ப். அதற்குள் ஓர் எஃகுத் தண்டு அதன் உறைக்குள் ஓடுகிறது. இரண்டுக்கும் இடையே உள்ள இடைவெளி இரண்டு மூன்று மைக்ரான்தான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மனிதத் தலைமுடியின் கனமே சுமார் 70 மைக்ரான் என்றால் மற்றதை ஊகித்துக்கொள்ளலாம். கண்ணுக்குத் தெரியாத மணல் துகள்கள் அங்கே புகுந்தால் எஃகின் மேல் கோடு விழும். கோடு விழுந்த பம்பில் அழுத்தம் தேறாது. காலையில் வண்டி கிளம்ப மறுக்கும், புகை கூடும், டீசல் செலவு ஏறும். பம்புக்கு மசகு எண்ணெயாக இருப்பதும் டீசலே ஆகையால் அதில் தண்ணீர் கலந்தால் உராய்வும் துருவும் சேர்ந்துகொள்ளும். வடிகட்டியின் விலை சில நூறு ரூபாய். பம்பையும் நாசில்களையும் கழற்றிப் பழுது பார்க்கப் பல ஆயிரம் ரூபாய் ஆகும்.

எரிபொருளின் வகையில் டீசல் எஞ்சின் தொடக்கத்தில் அவ்வளவு பிடிவாதம் காட்டியதில்லை. 1900ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் எஞ்சினைக் கடலை எண்ணெயிலேயே ஓட்டிக் காட்டினார்கள். (இன்றைய டிராக்டரில் யாரும் அதைச் சோதித்துப் பார்க்க வேண்டாம்.) அதன் பிடிவாதமெல்லாம் சுத்தத்தில்தான். நம் பகுதியிலோ தூசிக்குக் குறைவில்லை. ரோட்டவேட்டர் கிளப்பும் செம்மண் புழுதி, பொள்ளாச்சிப் பக்கம் தென்னை நார்த் தூள், கதிரடிக்கும் களத்துத் தூசு எல்லாம் டேங்க் மூடியைச் சுற்றிப் படிந்திருக்கும். மூடியைத் துடைக்காமல் திறந்து, தரையில் கிடந்த புனலை வைத்து ஊற்றினால் பாதித் தூசி உள்ளே போய்விடுகிறது.

வடிகட்டி எங்கே இருக்கிறது?

டேங்கின் அடியிலிருந்து புறப்படும் குழாயை விரலால் தொட்டுக்கொண்டே பின்தொடர்வதே இதைக் கண்டுபிடிக்க எளிய வழி. முதலில் டேங்கை ஒட்டி ஒரு திறப்பான் இருக்கும். சில வண்டிகளில் அடுத்ததாகத் தண்ணீரும் கசடும் தங்கும் கண்ணாடிக் கிண்ணம் இருக்கும். அங்கிருந்து குழாய் பீட் பம்புக்குப் போகும். கையால் அழுத்தும் சிறு நெம்புகோலோ குமிழோ அதில் இருப்பதைக் கொண்டு அடையாளம் காணலாம். அதைத் தாண்டினால் எஞ்சினின் பக்கத்தில் தலைகீழாகத் தொங்கும் இரண்டு சிறு செம்பு போல வடிகட்டிகள் தெரியும். டீசல் முதலில் நுழைவது முதல்நிலை வடிகட்டி. பெரிய கசடும் தண்ணீரும் அங்கே தங்கும். அடுத்தது நுண்வடிகட்டி. அதிலிருந்து வெளிவரும் குழாய் நேராக உயரழுத்தப் பம்பில் சேரும். எது முதலாவது என்பதில் ஐயம் வந்தால் வடிகட்டித் தலையில் வார்க்கப்பட்டுள்ள அம்புக்குறியைப் பார்க்கலாம். சில சிறிய டிராக்டர்களிலும் பவர் டில்லர்களிலும் ஒரே வடிகட்டிதான் இருக்கும்.

வடிகட்டியைக் குறை சொல்லும் முன்

வடிகட்டி அடைத்திருப்பதற்கு அறிகுறி என்ன? வண்டி சும்மா நிற்கும்போது நன்றாக ஓடும். ஒன்பது கொத்துக் கலப்பையை மண்ணில் இறக்கியதும் இழுவை குறையும். ஆக்சிலரேட்டரைக் கூட்டினாலும் வேகம் ஏறாது. டிரெய்லரோடு மேட்டில் ஏறும்போது திணறி நின்று, சிறிது நேரம் கழித்து மீண்டும் கிளம்பும்.

இழுவை குறைவதற்கு வேறு காரணங்களும் உண்டு. அவற்றைப் பிரித்தறியப் புகையைக் கவனிக்க வேண்டும். இழுவை குறைந்து கரும்புகையும் கக்கினால் பெரும்பாலும் காற்று வடிகட்டி அடைத்திருக்கும். அல்லது நாசில் கெட்டிருக்கும். டீசல் போதாமல் இழுவை குறைந்தால் கரும்புகை வராது. புழுதிக் காட்டில் ஓடும் வண்டிகளில் காற்று வடிகட்டியைப் பார்க்காமல் டீசல் வடிகட்டியை மாற்றிவிட்டுப் பயனில்லை என்று சலித்துக்கொள்வோர் பலர்.

மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. டேங்க் மூடியில் காற்றுப் போக ஒரு சிறு துளை இருக்கிறது. டீசல் குறையக் குறைய அந்த இடத்தை நிரப்பக் காற்று அதன் வழியே நுழைய வேண்டும். சேறோ கிரீஸோ அதை அடைத்துவிட்டால் டேங்கினுள் வெற்றிடம் ஏற்பட்டு டீசல் இறங்காது. வண்டி நின்றவுடன் மூடியைத் திறக்கும்போது 'உஸ்' என்று காற்றை உள்ளே இழுத்தால் குற்றவாளி அந்தத் துளைதான். ஒரு மெல்லிய கம்பியால் மூடியைச் சுத்தம் செய்தால் போதும், காசு செலவில்லை. மூடி தொலைந்துபோனால் பாலித்தீன் பையைக் கட்டி வைக்கும் வழக்கமும் இதே கோளாறைத் தரும். டேங்கின் திறப்பானுக்குப் பின் உள்ள குழாயைக் கழற்றிப் பார்த்து, டீசல் தாராளமாக ஒழுகுகிறதா என்பதையும் உறுதி செய்துகொள்ளலாம்.

எப்போது மாற்றுவது?

வண்டி நின்ற பிறகு மாற்றுவது முறையல்ல. மணிக்கணக்குப்படி மாற்ற வேண்டும். அந்தக் கணக்கு வண்டிக்கு வண்டி மாறும். பொதுவாக முதல்நிலை வடிகட்டிக்கு 250 முதல் 500 மணி என்றும், நுண்வடிகட்டிக்கு அதைவிடக் கூடுதலாகவும் கையேடுகளில் குறித்திருப்பார்கள். தம் வண்டியின் கையேட்டில் உள்ளதே அவரவருக்கு விதி. மணிமீட்டர் பழுதாகி ஆண்டுக்கணக்கில் ஒரே எண்ணைக் காட்டும் வண்டிகள் ஊருக்கு நான்கு உண்டு. அவற்றுக்கு டீசல் கணக்கை வைத்து மணியை மதிப்பிட வேண்டியதுதான். எப்படியானாலும் விதைப்புக்கு முன், புரட்டாசியிலேயே ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. கம்பெனி உத்தரவாதக் காலம் முடியாத வண்டியானால் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் மையத்தில் செய்துகொள்வதே சரி.

காகித வடிகட்டியை மண்ணெண்ணெயில் அலசி, கம்ப்ரஸர் காற்றடித்து மீண்டும் மாட்டும் பழக்கத்தை அறவே விட்டுவிட வேண்டும். காற்றடித்ததும் காகிதத்தின் நுண்துளைகள் கிழிந்து பெரிதாகின்றன. டீசல் தாராளமாகப் போகும், இழுவையும் கூடும். சிக்கனம் பலித்ததாகத் தோன்றும். கூடவே மணலும் போய்க்கொண்டிருப்பது பம்ப் கெட்ட பிறகே தெரியவரும். பழைய மாடல்களில் முதல்நிலையில் இருக்கும் கம்பளி வடிகட்டியை மட்டும் கையேடு அனுமதித்தால் சுத்தமான டீசலில் அலசலாம்.

மாற்றும் வேலை

வண்டியைச் சமமான இடத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து ஆறவிட்டு, சாவியை எடுத்துவிட வேண்டும். காற்று சுழன்றடிக்கும் களத்தில் இதைச் செய்யக் கூடாது. கொட்டகைக்குள்ளோ சுவர் மறைவிலோ செய்வது நல்லது. பீடி, சிகரெட் அருகில் இருக்கவே கூடாது. தேவையானவை ஸ்பேனர்கள், பிரஷ், ஒரு பேசின், சுத்தமான டீசல் ஒரு லிட்டர், புதிய வடிகட்டி, அதனுடன் வரும் ரப்பர் வளையங்களும் வாஷர்களும்.

முதலில் வடிகட்டியின் வெளிப்புறத்தையும் குழாய் மூட்டுகளையும் டீசல் தொட்ட பிரஷால் தேய்த்துக் கழுவித் துடைக்க வேண்டும். பத்து நிமிடம் இதற்கே செலவானாலும் அது வீண் அல்ல. துடைப்பதற்குத் திருப்பூர் பனியன் வேஸ்ட் நம் பகுதியில் எல்லாப் பட்டறையிலும் கிடைக்கிறது. வெளிப்புறத்துக்கு அது போதும். கிண்ணத்தின் உட்புறத்தை மட்டும் அதனால் துடைக்கக் கூடாது. அதன் நூலிழைகள் உள்ளே ஒட்டிக்கொண்டு நேரே நாசிலுக்குப் போய்ச் சேரும். உட்புறத்தைச் சுத்தமான டீசலால் அலசிக் கவிழ்த்து வைத்தாலே போதும்.

டேங்கின் திறப்பானை மூடி, வடிகட்டியின் அடியில் உள்ள திருகைத் தளர்த்தி, உள்ளே இருப்பதைப் பேசினில் வடிக்க வேண்டும். கிண்ணம் உள்ள வகையானால் மேலே உள்ள நடு போல்ட்டைக் கழற்றினால் கிண்ணம் கையோடு இறங்கும். மரை போட்டுச் சுற்றும் டப்பா வகையானால் கையாலோ பட்டை ஸ்பேனராலோ இடப்புறம் திருக வேண்டும். கழற்றியதும் பழைய ரப்பர் வளையம் வடிகட்டித் தலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று தடவிப் பார்ப்பது அவசியம். அதன் மேலேயே புதிய வளையமும் உட்கார்ந்தால் டீசல் ஒழுகும், காற்றும் இழுக்கும். பல மணி நேரம் தேடினாலும் கோளாறு அகப்படாது.

புதிய வடிகட்டியை உறையிலிருந்து கடைசி நிமிடத்தில்தான் எடுக்க வேண்டும். அதை மாட்டும் முன் கேனில் உள்ள டீசலை ஊற்றி நிரப்புவது மெக்கானிக்குகளிடையே பரவலான வழக்கம். காற்று எடுக்கும் வேலை குறையும் என்பது அவர்கள் கணக்கு. ஆனால் நடுத்துளை என்பது வடிகட்டப்பட்ட டீசல் வெளியேறும் வழி. அதில் ஊற்றுகிற டீசல் வடிகட்டாமலேயே பம்புக்குப் போகும். ஒரு கேன் டீசலில் உள்ள மணலை நாமே கையால் ஊட்டிவிடுவதற்கு ஒப்பாகும் இது. நுண்வடிகட்டியைக் காலியாகவே மாட்டிக் கை பம்பினால் டீசல் ஏற்றுவதுதான் சரியான முறை. கை சற்று வலிக்கும், அவ்வளவுதான்.

ரப்பர் வளையத்தில் ஒரு சொட்டு டீசல் தடவி, டப்பாவைக் கையால் திருகி, வளையம் தலையைத் தொட்டபின் அரை முதல் முக்கால் சுற்று இறுக்கினால் போதும். கிண்ண வகையில் நடு போல்ட்டை நிதானமாக இறுக்க வேண்டும். பலம் காட்டினால் அலுமினியத் தலையில் உள்ள மரை வழுக்கிவிடும்.

காற்று எடுத்தல்

டீசலை அழுத்தலாம், அது சுருங்காது. காற்றோ சுருங்கும். குழாயில் காற்றுக் குமிழி இருந்தால் பம்பின் அழுத்தமெல்லாம் அதைச் சுருக்குவதிலேயே போய்விடும், நாசில் திறக்காது. ஆகையால் காற்றை வரிசைப்படி வெளியேற்ற வேண்டும். டேங்க் பக்கத்திலிருந்து தொடங்கிப் பம்பை நோக்கிச் செல்வதே முறை.

டேங்கின் திறப்பானைத் திறந்து, முதல்நிலை வடிகட்டியின் தலையில் உள்ள சிறு திருகை இரண்டு சுற்றுத் தளர்த்தி, பீட் பம்பின் கை நெம்புகோலை அடிக்க வேண்டும். முதலில் நுரையும் குமிழியுமாக வரும். குமிழியின்றிக் கம்பி போல டீசல் வரத் தொடங்கியதும், அது ஓடிக்கொண்டிருக்கும்போதே திருகை இறுக்கிவிட வேண்டும். அடுத்து நுண்வடிகட்டியின் திருகு. கடைசியாக உயரழுத்தப் பம்பில் உள்ள திருகு. நெம்புகோலை அடிக்கும்போது கனமே தெரியாமல் தொளதொளவென்று இருந்தால் பம்ப் கெட்டுவிட்டதென்று அவசரப்பட வேண்டாம். எஞ்சின் நின்ற நிலையில் அதன் கேம் பீட் பம்பைத் தூக்கிப் பிடித்திருக்கலாம். எஞ்சினை ஒரு சுற்றுத் திருப்பிவிட்டு அடித்தால் கனம் திரும்பிவிடும்.

இதன் பிறகு பெரும்பாலான வண்டிகள் கிளம்பிவிடும். கிளம்பவில்லையானால் ஒன்றிரண்டு நாசில்களுக்குப் போகும் எஃகுக் குழாயின் நட்டை நாசில் பக்கத்தில் ஒரு சுற்றுத் தளர்த்தி, ஸ்டார்ட்டரை இயக்கி, டீசல் துளித்துளியாகத் தெறிக்கத் தொடங்கியதும் இறுக்க வேண்டும். ஸ்டார்ட்டரை ஒரு தடவைக்குப் பத்துப் பதினைந்து வினாடிக்கு மேல் இயக்கக் கூடாது. இடையே ஒரு நிமிடமாவது ஓய்வு கொடுக்காவிட்டால் மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்து கெடும்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. எஞ்சின் ஓடும்போது உயரழுத்தக் குழாயில் கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கவே கூடாது. ஊசியைவிட மெல்லிய டீசல் தாரை தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சிறு புள்ளி மட்டும் தெரியும். வலியும் முதலில் அதிகம் இராது. சில மணி நேரத்தில் உள்ளே சதை அழுகத் தொடங்கி விரலையே இழக்க நேரிடும். அப்படி ஏற்பட்டால் மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டு காத்திராமல், உடனே அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போய், டீசல் உள்ளே பாய்ந்தது என்று சொல்ல வேண்டும். கசிவைப் பார்க்க ஓர் அட்டைத் துண்டு போதும்.

புதிய டிராக்டர்களும் வீட்டுக் காரும்

50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023ஆம் ஆண்டு ஜனவரி முதல் கடுமையான புகைக் கட்டுப்பாடு வந்ததால், அவற்றில் கணினி வழி இயங்கும் காமன் ரெயில் முறை இடம்பெற்றுள்ளது. அங்கே அழுத்தம் ஆயிரம் கிலோவைத் தாண்டும். அத்தகைய வண்டிகளில் நாசில் குழாயின் நட்டைத் தளர்த்திக் காற்று எடுக்கும் பழைய வழக்கத்தைக் கைவிட வேண்டும். வடிகட்டியை மாற்றிக் கை பம்பால் டீசல் ஏற்றுவதோடு நிறுத்திக்கொண்டு, மற்றதை சர்வீஸ் மையத்துக்கு விட்டுவிடுவதே நல்லது.

டீசல் காரிலும் ஜீப்பிலும் வடிகட்டி பெரும்பாலும் பானட்டுக்குள் இருக்கும். அதன் அடியில் தண்ணீர் வடிக்கும் திருகும் சிலவற்றில் ஒரு மின்கம்பியும் இருக்கும். கழற்றும் முன் அந்தக் கம்பியை விடுவிக்க வேண்டும். பெட்ரோல் கார் கதை வேறு. இக்காலத்துப் பெட்ரோல் கார்கள் பலவற்றில் வடிகட்டி டேங்கினுள் பம்போடு சேர்ந்தே இருக்கிறது. எஞ்சினை அணைத்த பிறகும் குழாயில் அழுத்தம் தங்கியிருக்கும்; பெட்ரோல் பீறிட்டால் தீப்பிடிக்க ஒரு பொறி போதும். அதை வீட்டு வாசலில் கழற்றிப் பார்ப்பது உகந்ததன்று.

வடிகட்டியின் ஆயுளைக் கூட்ட

மார்கழி, தைக் குளிரில் பாதி டேங்கோடு வண்டியை நிறுத்தினால் மேலேயுள்ள ஈரக் காற்று குளிர்ந்து டேங்கின் உட்சுவரில் நீராகிறது. அந்த நீர் அடியில் தங்கி, டீசலும் நீரும் சேரும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து கருமையான வழவழப்பாகி வடிகட்டியை அடைக்கும். மாலையில் வேலை முடிந்ததும் டேங்கை நிரப்பிவிடுவது நல்லது. காலையில் எஞ்சினைக் கிளப்பும் முன் அடித் திருகைத் திறந்து தண்ணீரை வடித்துவிட வேண்டும்.

சாளையில் பீப்பாயில் டீசல் வைத்திருப்போர் அதைச் சற்றுச் சாய்த்து வைத்து, ஒரு நாள் அசையாமல் தெளிய விட்டு, அடியில் ஒரு சாண் விட்டு மேலிருந்து எடுக்க வேண்டும். துத்தநாகம் பூசிய பாத்திரம் டீசலுக்கு ஆகாது. துத்தநாகம் டீசலில் கரைந்து வடிகட்டியை அடைக்கும்.

வடிகட்டியை வாங்கும்போது பாகத்தின் எண்ணைச் சொல்லி, பில்லோடு வாங்க வேண்டும். போலிகளில் காகித மடிப்பு ஒழுங்கின்றி, சில இடங்களில் நெருங்கியும் சில இடங்களில் விலகியும் இருக்கும். ஓரத்துப் பசை பிசிறாக இருக்கும், வளையம் விறைத்திருக்கும். வாங்கும்போதே ஒன்று கூடுதலாக வாங்கி, உறை பிரிக்காமல் அலமாரியில் வைத்திருந்தால் ஞாயிற்றுக்கிழமை கடை மூடியிருக்கிறதே என்ற கவலை இல்லை.

மாற்றிய தேதியையும் மணிமீட்டர் எண்ணையும் டப்பாவின் மேலேயே பெயிண்டில் எழுதிவிடலாம். பழைய வடிகட்டியை எறிவதற்கு முன் வெட்டிப் பார்ப்பது பயனுள்ள பாடம். துரு இருந்தால் டேங்கைக் கழுவ வேண்டிய காலம் வந்துவிட்டது. கரிய வழவழப்பு தண்ணீர்ச் சேர்க்கையைக் காட்டும். மண் இருந்தால் டீசல் ஊற்றும் புனலையும் கேனையும் சோதிக்க வேண்டும். பேசினில் வடிந்த அழுக்கு டீசலை வாய்க்காலிலோ தென்னை மரத்தடியிலோ கொட்டாமல் மூடிய கேனில் சேர்த்து, கழிவு எண்ணெய் வாங்குவோரிடம் கொடுத்துவிட வேண்டும். கிணற்று மேட்டில் வைத்து இந்த வேலையைச் செய்யக் கூடாது. மாடு கட்டும் இடத்துக்கு அருகிலும் கூடாது.